மாணவியர் பயன்பாட்டிற்கு மட்டும்

வெள்ளிக்கிழமை, பௌர்ணமி இரவு.

இன்று சாயங்காலம் எங்கள் கல்லூரி மாணவர் மன்றக் கட்டிடத்தில் இருக்கும் பலகைகளை எல்லாம் முதல்முறையாக நானே படித்தேன். சிற்றுண்டி, ஜெராக்ஸ், குளிர்ந்த குடிநீர், வாசிப்பு அறை. இத்தனை வருஷம் இங்கே வாட்ச்மேனாக இருந்தும், எந்தக் கதவு எதற்கு என்று பிறரைக் கேட்டுத்தான் தெரிந்து வைத்திருந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது கிரிவலம் வந்த ஒரு பெண் பாதையிலிருந்து கேட்டுக்குள் வந்தாள். பௌர்ணமிதோறும் இப்படிச் சிலர் வருவார்கள். நானும் கழிப்பறைக்கு வழி காட்டுவேன்.

“ஐயா, பாத்ரூம் போயிட்டு வந்துடறேங்க.”

இன்று கழிப்பறைக் கதவில் இருந்த பலகையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டினேன். “மாணவியர் பயன்பாட்டிற்கு மட்டும். நல்லா பாரும்மா, எழுதியிருக்குது.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. போன மாசம் நீங்கதான விட்டீங்க?”

“அப்ப எனக்கும் தெரியாதும்மா” என்று சிரித்தேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வேகமாகத் திரும்பிப் போய்விட்டாள்.

கேன்டீனில் வேலை செய்யும் கன்னியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். “தாத்தா, நீ படிக்காம இருந்தப்பவே தேவல” என்றாள்.

கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் பாதைக்குப் போனேன். ஒரே கூட்டம். அதில் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் போன பக்கம் வெகுதூரம் எங்கள் கல்லூரி மதில்தான் போகிறது. ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது.