சேங்கொட்டை மச்சம்

இன்று வெளுப்புக்குப் போய்த் திரும்பிய என் பாவாடையின் ஓரத்தில் சேங்கொட்டைப் புள்ளி இருந்தது. துணி எந்த வீட்டுடையது என்று தெரிவதற்காகச் சலவைக்காரர் சேங்கொட்டைப் பாலால் வைக்கிற கருப்புப் புள்ளி. எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அதைப் பார்த்ததும் என் ஆள்காட்டி விரல் நுனி அரித்தது. உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

நாம் இருவரும் ஐந்தாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள். உன் அக்கா செல்லத்தாய் மட்டும் எட்டாவது முடித்தாள். முடித்த கையோடு காமாலையில் போய்விட்டாள். இரண்டு வருடம் கழித்து, வெளியூர் மில்லில் எட்டாவது படித்த பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, உன் அம்மாதான் பெட்டியைத் திறந்து அக்காவின் பள்ளிச் சான்றிதழை உன்னிடம் கொடுத்தாள். அதில் படம் கிடையாது. அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது முன்கையில் கருப்பு மச்சம் என்று எழுதியிருந்தது. உன் கையில் மச்சம் இல்லை.

"நீதாம்ட்டி வைக்கணும். எனக்குக் கை ஆடும்" என்றாய். சேங்கொட்டையை ஊசியால் குத்தி, கசிந்த பாலை உன் கையில் வைத்தேன். என் விரலிலும் பட்டுவிட்டது.

"எரியுதாட்டி?"

"எரியுது. அக்கா பொறக்கும்போதே சும்மா வாங்கிட்டு வந்துட்டா. எனக்குத்தான் இந்தப் பாடு."

சிரித்தாய். கொப்புளம் வந்து, பொருக்கு உதிர்ந்து, மச்சம் நின்றது. உன் அம்மா அதை வெகுநேரம் தடவினாள். "செல்லத்தாயி, சாப்பிட்டியா?" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவளிடம், "சாப்பிட்டேம்மா" என்றாய்.

மில்லிலிருந்து விசாரிக்க ஆள் வந்தபோது கரிசல் வெடிப்பு விட்டுக் கிடந்தது. உச்சி வெயில். உனக்காகத் தெரு முழுவதும் ஒரே பதிலைச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. ஓரமாக நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்றாங்க. நீ சொல்லு பாப்பா, இந்தப் பொண்ணு யாரு?"

"அவ வாயே தொறக்க மாட்டா சார்" என்றார் கடைக்கார பாய்.

நான் திறந்தேன். "செல்லத்தாய்."

அவர் நம்பி எழுதிக்கொண்டார். அப்போது உன் வீட்டுக்குள்ளிருந்து "என்ன?" என்று யாரோ கேட்டது போலிருந்தது. நீயும் உன் அம்மாவும் தெருவில் நின்றீர்கள். உள்ளே யாருமில்லை. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

பொங்கலுக்கு நீ வந்தபோது உன் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தாய்.

"அங்கன எல்லாரும் அக்கா பேரச் சொல்லித்தாம்ட்டி கூப்பிடுதாவ. எம் பேரு எனக்கே தூரமாக் கேக்கு."

மாசியில் மில்லிலிருந்து தந்தி வந்தது. செல்லத்தாய் காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்றிருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உன் தகரப் பெட்டியோடு திரும்பினோம். யாரும் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் அம்மா அழவில்லை. தந்தியை என் முன்னால் நீட்டினாள்.

"இவ செத்து மூணு வருசமாச்சே. இதப் போயி இப்பச் சொல்லுதாவ. சின்னவ எப்ப வருவாட்டி? நீ பொய் சொல்ல மாட்ட. நீ சொன்னா நம்புதேன்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வருவா" என்றுதான் வந்தது.

அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும். நேற்று அந்த நேரத்தில் குடத்தோடு வந்துகொண்டிருந்தேன். பேசாமல் தாண்டிப் போயிருக்கலாம். பேசாமலிருப்பது எனக்குப் பழக்கம்தானே.

"வாரேம்மா" என்றேன்.

"எங்கனட்டி போயிருந்த இத்தன நாளா?" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். விரல் நுனியிலிருக்கும் கருப்புப் புள்ளியைத் தடவிப் பார்த்தாள். சோறு போட்டாள். உன் தட்டில் சாப்பிட்டேன்.

உன் பெயர் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. இன்னும் கொஞ்ச நேரத்தில் விளக்கு வைப்பாள், கூப்பிடுவாள். நீ வருவதாயிருந்தால் அதற்குள் வந்து வாங்கிக்கொள்.