குடிக்காமல் வைத்த காப்பிக்குக் கொடுத்த வாக்கு

அனுப்புநர்:
தைசீர் மஹாரீக் (வசீமின் தந்தை),
கிர்பத் அல்-லவ்ஸ், ஹெப்ரோன் மலைப்பகுதி.

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி அவர்கள்,
அனுமதிச் சீட்டு வழங்கும் பிரிவு,
சோதனைச் சாவடியை அடுத்த அலுவலகம்.

பொருள்: பீர்ஷேவா மருத்துவமனையில் உயிர் பிரியும் நிலையில் உள்ள திரு. யெஹியேல் ஷம்மாஷின் கட்டிலருகே ஒரு நாள் அமர்ந்திருக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரிகள் மேலும் கீழுமாகப் போவது மரியாதைக் குறைவால் அல்ல. சிறுவயதில் ஆடு மேய்த்தேன். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. சென்ற குளிர்காலத்தில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் சங்க எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தேன். அங்கே மீசை வைத்த மாணவன் நான் ஒருவனே. என் முந்தைய விண்ணப்பங்களைத் தங்கள் வாசலில் அமர்ந்திருக்கும் எழுத்தர் எழுதினார். நான் கட்டைவிரலை வைத்தேன். இது முழுவதும் என் கை. எழுதப்போவது துக்கமான விஷயம். ஆனாலும் எழுதும்போது மகிழ்ச்சி வருகிறது. தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

1. என் மகன் வசீம் சோதனைச் சாவடியில் சுடப்பட்டு இறந்தான். அவன் கையில் இருந்தது தோட்டத்துக்கு வாங்கிய குழாய். தவறுதலாக நடந்துவிட்டது என்று உங்கள் தரப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள்.

2. யெஹியேல் பீர்ஷேவாவில் ரொட்டி சுட்டவர். பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பம். வீட்டில் பேசியது அரபி. அவர் மகள் நூரித், எங்கள் தரப்பு ஆள் ஒருவன் பேருந்தில் வைத்த குண்டில் இறந்தவள். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரு தரப்பாரும் பெய்த் ஜாலாவில் கூடியபோது அவரைப் பார்த்தேன். அவர்தான் வந்து, எங்கள் வழக்கப்படி என்னை மகன் பெயரால் அழைத்து, "என்ன அபூ வசீம், மூஞ்சிய இப்படி இறுக்கி வெச்சா பல்லு கொட்டிடும். எனக்குக் கொட்டியாச்சு பாரு" என்று வாயைத் திறந்து காட்டினார்.

3. வழி திறந்திருந்த காலத்தில் ஒருமுறை என் வீட்டுக்கு வந்தார். என் அண்ணனும் உறவினர்களும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வந்தது அவர்களில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. காப்பி கொடுத்தோம். வாங்கியவர், குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். எங்களிடம் விருந்தாளி அப்படி வைத்தால் அவருக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வீட்டார் சம்மதிக்கும்வரை குடிக்க மாட்டார். கொலைப் பகை தீர்க்க வருகிறவர்கள் செய்வது அது. என் அண்ணன் எழுந்து, "கேட்டது கொடுத்தாச்சு, குடிங்க" என்றார். வழக்கம் அவரை அப்படிச் சொல்ல வைத்தது, மனசு அல்ல.

யெஹியேலுக்கு இந்த வழக்கம் தெரியாது. இதயக் கோளாறுக்காக டாக்டர் காப்பியை நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். காதோடு விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "அப்படின்னா கேட்டுடறேன். என் பேரனுங்க பட்டாளத்துல இருக்கானுங்க. உங்க ஆளுங்கள மனுஷங்களாவே நெனைக்கறதில்ல. நான் சாகக் கெடக்கறப்ப அபூ வசீம் என் கட்டில்கிட்ட வந்து உட்காரணும். அவனுங்க அதப் பாக்கணும்" என்றார்.

"வர்றேன்" என்றேன். ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். "டாக்டர் கேட்டா நீதான் கொன்னேன்னு சொல்லிடுவேன்" என்றார். அண்ணனும் சிரித்துவிட்டார்.

4. போர் தொடங்கியதிலிருந்து யாரும் சிரிப்பதில்லை. காஸாவில் என் தங்கை குண்டுவீச்சில் குடும்பத்தோடு இறந்துபோனாள். யெஹியேலின் தம்பி மகன் எல்லையோர ஊரில் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டான். இருவரும் தொலைபேசியில் அழுதோம், சண்டையும் போட்டோம். "அவனுக்குக் காப்பி குடுத்த கிண்ணத்த ஒடச்சியா இல்லியா?" என்று அண்ணன் மகன் தெருவில் வைத்துக் கேட்டான். உடைக்கவில்லை.

5. இப்போது யெஹியேலின் இதயம் மெல்ல மெல்ல நின்றுகொண்டிருக்கிறது. "கதவையே பாத்துட்டுக் கெடக்காரு, அண்ணா" என்று அவர் மனைவி ராகேல் சொல்கிறார். தங்கள் அலுவலக ஜன்னலில் இருந்த பையன் என்னிடம், "பெரியவரே, கம்ப்யூட்டர்ல உங்க பேரு சிவப்புல வருது. பையனப் பறிகொடுத்த வீடு, பழிவாங்க வருவீங்கன்னு இருக்கு" என்றான்.

ஐயா, என் மகனைச் சுட்டதற்கான தண்டனை எனக்கு வந்திருக்கிறது. கோபம் இல்லை என்று எழுதினால் இந்த மனு பொய்யாகிவிடும். கோபம் உண்டு. யெஹியேலுக்கும் உண்டு. அது தீராமலேதான் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி தின்றோம்.

ஆகவே, ஒரே ஒரு நாள் அனுமதி தருமாறு வேண்டுகிறேன். காவலுக்கு ஆள் அனுப்புங்கள். விலங்கு பூட்டி உட்கார வைத்தாலும் உட்காருவேன். அந்தப் பேரன்கள் விலங்கையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடியும் எழுதுவேன். அப்போது ஒரு சொல்லை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்: 'கட்டில்' என்ற இடத்தில் 'கல்லறை'. அதை எழுத எனக்குச் சிரமம் இராது. வகுப்பில் மற்றவர்கள் முதலில் தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். நான் வசீமின் கல்லறைக் கல்லில் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பழகினேன்.

கொடுத்த வாக்கோடு காத்திருக்கும்,
தைசீர் மஹாரீக்
(என் கையொப்பம், விரல் ரேகை அல்ல)

இடம்: கிர்பத் அல்-லவ்ஸ்
நாள்: 11.02.2025