சக்கரை இல்லை என்று சொன்னேன்

முனிர்கா, புது தில்லி
11.2.2007

அன்புள்ள ஜெகனுக்கு அம்மா எழுதுவது. அமெரிக்கக் குளிரில் நீயும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தங்கச்சி வைஷ்ணவியும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

நீ போனில் கேட்டுக்கொண்டபடி வியாழக்கிழமை உன் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளியின் மனைவியாக நடித்துக் கொடுத்தேன். இளம் டாக்டர்கள் நீ அனுப்பும் பாடத்தை முதலில் கம்ப்யூட்டரில் படித்துவிட்டு, அப்புறம் எங்களைப் போன்ற பொய் ஆட்களிடம் கேள்வி கேட்டுப் பழகுகிறார்களாம். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. நான் என்ன பேச வேண்டும் என்று நீ எழுதிய தாளை உன் சிநேகிதர் சங்கரநாராயணன் முந்தின நாளே கொடுத்தனுப்பினார். இங்கிலீஷ் என்பதால் வைஷ்ணவி படித்துச் சொன்னாள், பாதியில் அவள் குரல் இறங்கிவிட்டது. புருஷனுக்கு வாந்தி, அசதி. டாக்டர் இந்தியில் சக்கர் வருகிறதா என்று கேட்பார். தலைசுற்றலைக் கேட்கிறார் என்று தெரியாமல், தமிழ்க்கார மனைவி சக்கரை வியாதி என்று நினைத்து இல்லை என்பாள். வாந்திக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள், மறுநாள் அவர் இறந்துபோவார். காரணம், மனைவி தந்த தவறான தகவல். இப்படித்தானே எழுதியிருக்கிறாய். எங்களை டில்லிக்குக் கூட்டிவந்து ஆறே மாதத்தில் நீ பிளேன் ஏறிவிட்டாய், எனக்கு இந்தி என்ன தெரியும். சக்கர் என்றால் என்னவென்று அப்பா போன பிறகு பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது, அதை அழுதுகொண்டே உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். வைஷ்ணவிக்குக்கூடத் தெரியாது. நீ ம், ம் என்று கேட்டுக்கொண்டாய், உன் தப்பு இல்லையம்மா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதி வைத்துக்கொண்டாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆறு டாக்டர்கள் ஒவ்வொருவராக வந்து சக்கர் ஆதா ஹை என்று கேட்டார்கள், தாளில் இருந்தபடி நஹி, இல்லை என்றேன். ஐந்து பேர் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ஒரே காலையில் ஐந்து தடவை உங்கப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கடைசியாக வந்த மாதுரி என்ற பெண் மட்டும் என் முகத்தைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்தாள். தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டி, ஐஸா அம்மாஜி, இப்படியா என்று மறுபடி கேட்டாள். தாளில் இல்லாததைச் சொன்னேன். ஆமாம், தீன் தின், மூன்று நாளாக இருக்கிறது என்று சொல்லி அழுதுவிட்டேன். நடிப்பு பிரமாதம் என்று சங்கரநாராயணன் பாராட்டினார், அடுத்த மாதமும் வரச் சொன்னார்.

ஒரு விரலைச் சுற்ற எவ்வளவு நேரமாகும் ஜெகன்? மனைவி தந்த தவறான தகவல் என்ற அந்த வரியை மாற்று. மனைவிக்குக் கேள்வி புரியவில்லை, டாக்டர் மறுபடி கேட்கவில்லை என்று எழுது. நீ மாற்றாவிட்டாலும் நான் போவேன், ஆனால் இனி நஹி சொல்ல மாட்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. பங்குனியில் அப்பாவுக்குத் திதி வருகிறது, அன்றைக்காவது லீவு போடு.

இப்படிக்கு,
உன் பாடத்தில் வரும் நோயாளியின் மனைவி,
உன் அம்மா தங்கம்