கொதித்துப் போன பிளாக்

மே 8, திங்கள்

நாச்சாரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என்ன வேலை என்று கேட்டாள். ஜெல்லி பண்றேன் என்றேன். ஐஸ்கிரீம் கடையா என்றாள். இல்லை, துப்பாக்கிக்குத்தான் ஊட்டுவோம் என்றேன். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள், பாவம்.

பொய் இல்லையே. நாலு வருஷம் இதே கம்பெனி கேன்டீனில் சாம்பார் கிளறினேன். இரண்டு வருஷமாக டெஸ்ட் ஷெட்டில் ஜெலட்டின் கிளறுகிறேன். பவுடர் ஒரு பங்கு, தண்ணி ஒன்பது பங்கு. ஊறணும், கை பொறுக்கிற சூட்டில் கரையணும், அப்புறம் அச்சில் ஊற்றி இரண்டு நாள் ஃப்ரிட்ஜ். பிளாக் என்போம், சதை மாதிரி நிற்கும். அதில்தான் தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் இன்ஜினியர் ஜலஜா மேடம் உருவாக்கின தோட்டாவுக்கு டெஸ்ட். போலீஸ் ஆபீசர்கள் பார்க்க வருகிறார்கள். பிடித்தால்தான் வாங்குவார்கள். கல்யாணம் எப்போன்னு கேட்டால், "முதல்ல இது விரியட்டும் ஆன்ட்டி" என்கிறாள் அந்தப் பெண். தோட்டாவைப் பெற்றவள்!

மே 9, செவ்வாய்

தோட்டாவின் மூக்கில் எதற்கு ஓட்டை என்று இன்றைக்குத்தான் ஜலஜாவிடம் கேட்டேன்.

"சதையோட ஈரம் அதுக்குள்ள நெருக்கிட்டுப் புகும் ஆன்ட்டி. போக வழியில்லாம சுவரை வெளியே தள்ளும். சுவர்ல மெல்லிசா ஆறு கீறல் இருக்கு, அது வழியா பிரியும். தோட்டா அகலமானா வேகம் போயிடும், உள்ளேயே நின்னுடும்."

ஓட்டை ரொம்ப அகலமென்றால் பட்டவுடனே விரிந்து மேலாகவே நின்றுவிடுமாம். ரொம்பக் குறுகல் என்றால் சட்டைத்துணி அடைத்துக்கொண்டு சாதா தோட்டா மாதிரி மறுபக்கம் போய்விடுமாம். நடுவில் ஒரு அளவு. அதற்குத்தான் இவளுக்கு இரண்டு வருஷம்.

"உள்ளேயே நின்னா என்ன லாபம்?"

"கூட்டத்துல சுட வேண்டி வந்தா, பின்னாடி நிக்கறவங்க மேல பாயாது."

"முன்னாடி நிக்கறவனுக்கு?"

பேனாவை மூடினாள். நானும் வாயை மூடிக்கொண்டேன், அதிசயமாக.

மே 10, புதன்

பதினோரு மணிக்குக் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் ஃப்ரிட்ஜுக்கு மட்டும்தான். ஜெலட்டினைச் சூடு பண்ணுகிற தொட்டி ஜில்லென்று ஆகிவிட்டது. கேன்டீன் காஸ் அடுப்பில் வைத்தேன். பழைய சிநேகிதிகள், அரட்டை. திரும்பினால் தளதளவென்று கொதிக்கிறது! அணைத்து, ஆற வைத்து, ஊற்றிவிட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது. பாயசம் கொதித்தால் கெட்டா போகிறது?

மே 12, வெள்ளி

மூன்று தோட்டா. மூன்றும் பிளாக்கைத் துளைத்துப் பின்னாடி மணல் மூட்டைக்குள் போய்விட்டன. தோண்டி எடுத்தால் மூக்கு லேசாக நசுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். விரியவில்லை.

"இது சாதா தோட்டாதானே மேடம்?" என்றார் ஒரு ஆபீசர். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலித்தது.

ஓட்டையை அகலமாக்கி வரும் புதன்கிழமை தோட்டாவுக்குப் புது அச்சு வெட்டச் சொல்லிவிட்டாள் ஜலஜா. இத்தனை நாள் கண்டுபிடித்த அளவெல்லாம் வீண். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

மே 13, சனி

சுட்ட பிளாக்கைத் துண்டு போட்டுக் குப்பைத்தொட்டியில் கொட்டுவது என் வேலை. எப்போதும் கத்தியை மறிக்கும். இன்றைக்கு வழி விட்டது. போன வாரத்துத் துண்டு ஒன்று கிடந்தது, பக்கத்தில் வைத்து அமுக்கினேன். அது விரலைத் தள்ளுகிறது. இது விரலை உள்ளே வாங்கிக்கொள்கிறது.

அடிப் பாவி பட்டு. கொதித்ததில் சத்து போயிருக்கு.

ஓட்டைக்குள் புகுந்து தள்ள வேண்டியது நான் ஊற்றினதுதானே? அதற்கே பலமில்லை என்றால் தோட்டா எப்படி விரியும்?

சுடறதுக்கு முன்னால் ஒவ்வொரு பிளாக்கிலும் காற்றுத் துப்பாக்கியால் ஒரு இரும்புக் குண்டு போட்டுப் பார்க்கணும். எட்டரை சென்டிமீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே, உள்ளே போனால் பிளாக் சரி; அதற்கு மேல் போனால் பிளாக் இளகல். ஷெட் பொறுப்பு சக்ரபாணி சார் அதைச் செய்தே மாசக்கணக்காச்சு. "பட்டும்மா கைப்பக்குவத்துக்கு டெஸ்டா? நக்கோ, வேண்டவே வேண்டாம்!" என்று நேற்றைய நம்பரையே எழுதிவிடுவார். நானும் சிலுப்பிக்கொண்டு நின்றேனே! சொன்னால் அவரும் மாட்டுவார்.

மே 14, ஞாயிறு

வீட்டுக்காரர் ராமசுவாமியிடம் சொன்னேன். "காண்ட்ராக்ட் வேலை, வாயைத் திறக்காதே" என்றார். முப்பது வருஷமாக இதையே சொல்கிறார், என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? ஆனால் இன்றைக்குத் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

மே 15, திங்கள்

சொல்லிவிட்டேன். காலையிலேயே, சக்ரபாணி சாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு.

"பொங்கிச்சா?" என்றாள் ஜலஜா.

"பொங்கலை, கொதிச்சுது. அஞ்சு நிமிஷம் இருக்கும். அதிகமாக்கூட இருக்கும்."

"அப்போ இரும்புக் குண்டு எட்டரைன்னு எப்படி வந்தது?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் பேரை என் வாயால் சொல்லக் கூடாது என்று இருந்தேன். அப்புறம் அவரே, "குண்டு போடலைம்மா. நான்தான் எழுதினேன்" என்றார். ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருக்கிறவர், காது சிவந்துபோச்சு.

நான் ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்த பெரிய துண்டில் குண்டு போட்டுப் பார்த்தாள். பதின்மூன்று! கத்துவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "அப்போ என் அளவு தப்பில்லையா ஆன்ட்டி?" என்கிறாள். அப்புறம்தான் கத்தினாள். நிறையவே. வாங்கிக்கொண்டேன்.

மே 16, செவ்வாய்

தவறு எங்கள் பக்கம் என்று ஆபீசர்களுக்குப் போன் பண்ணினாள். அடுத்த திங்கள் வருகிறார்கள். அச்சு வெட்டுவதை நிறுத்தியாச்சு. என் வேலை? அவர்கள் வந்துபோன பிறகு பேசுவார்களாம்.

மே 22, திங்கள்

கரண்ட் இருந்தது, நான் தொட்டியை விட்டு நகரவில்லை. எட்டு புள்ளி நாலு. எல்லார் முன்னாலும் குண்டு போட்டார் சார்.

மூன்று தோட்டாவும் பிளாக்குக்குள்ளேயே நின்றன. ஒன்று, முன்னால் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி கட்டிச் சுட்டது, அதுவும். வெட்டி எடுத்தேன். கத்தரிக்காய்க் காம்பு மாதிரி ஆறு பக்கமும் மடங்கி விரிந்திருக்கிறது! ஆபீசர் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜலஜா என் தோளை இடித்தாள். "பெயர் சூட்டு விழா எப்போ?" என்றேன். இரண்டு வாரத்தில் இன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்க்கிறேன்.

ஜூன் 5, திங்கள்

வேலை போகவில்லை; இனி குண்டு போட்டு நம்பர் எழுதுவதும் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். முதல் பிளாக் எட்டரை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அஞ்சாம் கிளாஸ் கையெழுத்து, பட்டு என்று கொஞ்சம் கோணல்.

இரண்டாவது பத்து. சக்ரபாணி சார் எட்டிப் பார்த்து, "கொஞ்சம்தானே பட்டும்மா, ஜலஜா மேடம் காத்துட்டிருக்காங்க" என்றார்.

"காத்திருக்கட்டும் சார்" என்றேன். பத்து என்றே எழுதினேன். தூக்கிக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டுப் புதுசாகப் பவுடர் ஊறப் போட்டேன்.