உம்மாவின் கையில் சாவிக்கொத்து

உல்லாஸ்நகர்
3.2.2024

வாப்பாவுக்கு,

ஸலாம். போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் பேரன் தப்ரேஸுக்குப் போன மாதம் மட்டும் நாலு தடவை வலிப்பு. ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. பரம்பரையாக வருகிற ஜீன் கோளாறாம். எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை, ஆனாலும் என் வழியாகத்தான் பிள்ளைக்குப் போயிருக்கிறதாம். உம்மாவுக்கு எந்த வயதில் தொடங்கியது, எப்போது நின்றது என்று டாக்டர் கேட்கிறார். நோயை மறைத்து என்னைத் தலையில் கட்டினாள் உம்மா என்று மாமியார் சொல்லாத நாளில்லை. அந்தக் கோபத்தில்தான் உம்மா இறந்தபோது மய்யித்தைப் பார்க்கவும் நான் வரவில்லை. நீங்களாவது மறைக்காதீர்கள்.

மகள் ஹாஃபிஸா

தாராவி
9.2.2024

கண்ணான மகளே,

வாப்பா சலாவுதீன் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு மர்யம் லாத்தா எழுதுவது.

டாக்டரிடம் காட்டு: முதல் வலிப்பு ஏழு வயதில், நோன்புப் பெருநாளுக்கு மறுநாள். மொத்தம் பத்தொன்பது. நீ பிறந்தபின் மூன்று; மூன்றும் விடியற்காலை, வீட்டில். கடைசி வலிப்பு நாற்பத்திரண்டு வயதில்.

அத்தனையும் எனக்கு. உம்மாவுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

நீ கைப்பிள்ளை. நான் விழுந்ததும் உம்மா என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாள். சத்தம் கேட்டு ஆட்கள் ஏறி வருவதற்குள் என்னைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போட்டுவிட்டு, சாவியைத் தன் கையில் பிடித்துக்கொண்டு அவள் படுத்துவிட்டாள். எனக்கு அப்போது தோல் வெட்டும் மெஷினில் வேலை.

"தெரிஞ்சா ஒங்கள மெஷின்கிட்ட நிக்க உடமாட்டாவ. எம் பேருல கெடந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

முப்பது வருடம் அந்தப் பேரோடு இருந்தாள். அவள் முகம் பார்க்க நீ வராத அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

மர்யம் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "நானும்லா ஓடிவந்து பாத்தேன், பாவி மனுசா!" என்கிறாள். அதையும் எழுது என்றேன்.

வாப்பா (கைநாட்டு)

உல்லாஸ்நகர்
2.3.2024

வாப்பா,

மருந்தை மாற்றியிருக்கிறார்கள். பதினாறு நாளாகத் தப்ரேஸுக்கு வரவில்லை. உங்களுக்கு நின்றதுபோல இவனுக்கும் ஒருநாள் நிற்கலாம் என்கிறார் டாக்டர்.

உங்கள் கடிதத்தை மாமியாருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

கையில் சாவி கொடுத்தால் வலிப்பு நிற்காதாம். இருந்தாலும் அந்தக் கொத்து எனக்கு வேண்டும். குர்லா ஸ்டேஷனில் இவர் வந்து வாங்கிக்கொள்வார். யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம்.

ஹாஃபிஸா

தாராவி
5.3.2024

மகளே,

மர்யமிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் பெரியது இந்த வீட்டுச் சாவி. கழற்றவில்லை. உம்மா கோத்தது கோத்தபடியே இருக்கட்டும்.

கதவு இனிமேல் சும்மா சாத்தித்தான் இருக்கும். நான் எங்கேயும் போகப் போவதில்லை.

வாப்பா (கைநாட்டு)