செல்விக்கு இரத்தம் கொடுக்கப் போகும் ஆறு பேருக்குக் கப்பலில் இடம் வேண்டி

அனுப்புநர்:
திருமதி செலின் சிலுவைராஜ், பி.ஏ.,
(கணவர்: சிலுவைராஜ், படகு மெக்கானிக்)
மின்னி பே,
போர்ட் பிளேர்.

பெறுநர்:
உயர்திரு பயண ஒதுக்கீட்டு அதிகாரி அவர்கள்,
மெயின்லேண்ட் கப்பல் பிரிவு,
போர்ட் பிளேர்.

பொருள்: என் மகள் ஆரோக்கியசெல்வியின் இருதய அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் கொடுக்கச் சென்னை செல்லும் ஆறு பேருக்கு மருத்துவ ஒதுக்கீட்டில் இடம் மறுக்கப்பட்டது – மறுபரிசீலனை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் ஆங்கிலத்தில் நான் கொடுத்த மனுவும் அதற்கு வந்த பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே கோரிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். கல்லூரியில் படித்த ஆங்கிலம், பிழையில்லாமல்தான் இருந்திருக்கும். ஆனால் அதில் என் மகள் வெறும் 'நோயாளி' ஆகிவிட்டாள். அவளுக்காகக் கையை நீட்டி நிற்கிறவர்கள் 'இதர நபர்கள்' ஆகிவிட்டார்கள். 'விதிகளில் இடமில்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. தாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தவர் என்று எங்கள் கோயில் சாமியார் சொன்னார். அதனால் அலுவலக வழக்கம் ஆங்கிலம்தான் என்றாலும் தமிழிலேயே எழுதத் துணிந்தேன்.

2. செல்விக்கு ஆறு வயது முடியப்போகிறது. பிறந்ததிலிருந்தே இருதயத்தில் ஓட்டை. கெட்ட இரத்தமும் நல்ல இரத்தமும் கலந்து ஓடுகிறது என்கிறார்கள். நாலு எட்டு ஓடினால் உதடும் நகமும் நீலமாகிவிடும். அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். எங்கள் தெருப் பிள்ளைகள் ஓடிப்பிடிக்கும் விளையாட்டில் அவளுக்காகவே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். செல்வி உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார வேண்டும், அவள் எழுந்த பிறகுதான் ஆட்டம் நடக்கும். இப்போது அவள் தகப்பனாருடன் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருக்கிறாள். அவர்கள் புறப்பட்டபோது நான் இரண்டாவது பிள்ளையைப் பெற்றெடுத்த பச்சை உடம்புக்காரி. நோயாளியுடன் ஒருவர்தான் போகலாம் என்பதால் நான் துறையில் நின்று கையசைத்தேன். கப்பல் ராஸ் தீவைத் தாண்டிய பிறகும் என் கை இறங்கவில்லை; பக்கத்தில் நின்ற சுசீலா டீச்சர்தான் பிடித்து இறக்கிவிட்டார்.

3. இரத்தம் எதற்கு, அதுவும் ஆறு பேர் எதற்கு என்பதை டாக்டர் என் கணவரிடம் விளக்கியிருக்கிறார். அறுவையின்போது இருதயத்தை நிறுத்திவிடுவார்களாம். அது மறுபடி துடிக்கும்வரை ஒரு யந்திரம்தான் இரத்தத்தை உடம்பெங்கும் அனுப்பும். அந்த யந்திரத்தை நிரப்பவே பாட்டில் பாட்டிலாக இரத்தம் வேண்டும். குழாய்களில் உறையாதிருக்க ஒரு மருந்து. வேலை முடிந்ததும் அதை முறிக்க மாற்று மருந்து. அதன் பிறகும் தையல் போட்ட இடங்களில் கசிவு நிற்காமல் போகலாம், நீலம் பாரித்த பிள்ளைகளுக்கு இது அதிகம் என்கிறார். அந்தக் கசிவை நிறுத்துகிற சத்து, குளிர்பெட்டியில் பல நாள் இருந்த இரத்தத்தில் குறைந்துவிடுமாம். அன்று காலை எடுத்த இரத்தம் வேண்டும், கொடுப்பவர்கள் பக்கத்து அறையில் காத்திருக்க வேண்டும். செல்வியுடையது ஓ நெகட்டிவ், கிடைப்பதற்கு அரிய பிரிவு. என் இரத்தமும் அவளுக்குச் சேராது, அவள் அப்பாவுடையதும் சேராது. பெற்றவர்கள் இருவரும் உதவாமல் போனோம் ஐயா. மருத்துவமனை வாசலில் இரத்தம் விற்கிறவர்கள் உண்டு. அடிக்கடி விற்று வெளிறிப்போனவர்கள். அவர்களிடம் வாங்க டாக்டர் சம்மதிக்கவில்லை.

4. இந்த அறுவை சென்ற டிசம்பரிலேயே முடிந்திருக்க வேண்டியது. தேவாலயத்தில் அறிவித்தார்கள், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் சொன்னார்கள், போட்டுக்காரர்கள் ஹேவ்லாக்குக்கும் கார் நிக்கோபாருக்கும் சேதி கொண்டுபோனார்கள். சேரும் இரத்தமுள்ள ஆறு பேர் கிடைத்தார்கள். இந்தத் தீவில் நமக்கு அரிசி, மருந்து, தபால் எல்லாமே கப்பலில்தான் வருகிறது, போகிறது. ஆகவே இரத்தமும் அப்படியே போகும் என்று எங்கள் ஆட்கள் நினைத்துவிட்டார்கள். ஒரு கம்பவுண்டர் பாட்டில்களில் எடுத்துக் கொடுக்க, மீன்பிடிக்கும் ஜம்புலிங்கம் தன் மீன் பெட்டியிலேயே மரத்தூளும் ஐஸும் அடைத்தார். விலைபோகும் மீனுக்குச் செய்வதுபோல ஐஸ்மீது கல்லுப்பையும் அள்ளிப் போட்டார். உப்புப் போட்ட ஐஸ் இன்னும் கடுமையாகக் குளிர்ந்து மீனை நன்றாகக் காக்கும். பாட்டிலில் இருந்த இரத்தமோ கல்லாக உறைந்து கெட்டுப்போயிற்று. சென்னையில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். டாக்டர் கோபிக்கவில்லையாம். "பாட்டிலை அனுப்பினதுக்கு ஆளையே அனுப்பியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாராம். அதே ஆட்கள் மறுபடி இரத்தம் கொடுக்க மூன்று மாதம் ஆக வேண்டும் என்று தேதி தள்ளிப்போயிற்று. சேதி வந்த அன்று ஜம்புலிங்கம் என் வாசலில் வந்து, "மீனுக்குப் பண்றதையே புள்ளைக்கும் பண்ணிப்புட்டேனேக்கா" என்றார். அவரும் அந்த ஆறு பேரில் ஒருவர்.

5. இப்போது அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அறுவை என்று குறித்திருக்கிறார்கள். ஜம்புலிங்கம், சுசீலா டீச்சர், அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ஜெய்னுதீன் பாய், ஹேவ்லாக்கில் நெல் விவசாயம் பார்க்கும் வங்காளி ஹரிபதோ, கார் நிக்கோபாரில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி இருவர் என ஆறு பேரும் என்னுடன் தங்கள் கவுண்டருக்கு வந்தோம். அங்கிருந்தவர் அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல பேஷண்ட் யாரும்மா? எல்லாரும் ஹட்டா கட்டாவா, திடகாத்திரமா இருக்காங்க."

நோயாளி சென்னையில் இருக்கிறாள், இவர்கள் இரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் என்றேன்.

"அப்ப பிளட்டை மட்டும் ஐஸ்ல வெச்சு அனுப்புங்களேன். ஆளு எதுக்கு, சீட்டு எதுக்கு?"

ஜம்புலிங்கம் அந்த இடத்தை விட்டே போய்விட்டார். ஜெய்னுதீன் பாய்தான், "சார், எங்களை ஐஸ்ல வச்சா விறைச்சுப் போயிருவோம். பங்க்ல படுக்க ஒரு எடம் குடுங்க, அது போதும்" என்று சிரித்துச் சமாளித்தார். நோயாளி, உடன் செல்லும் உறவினர் ஒருவர், இவ்வளவுதான் விதி என்று படித்துக் காட்டப்பட்டது. இவர்கள் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். பாய் என்னைத் தங்கச்சி என்கிறார், ஹரிபதோ அவர் பாஷையில் அக்கா என்று பொருள்பட தீதி என்கிறார். அதை எங்கே எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஹரிபதோ மட்டும் வெளியே வந்ததும் என்னிடம், "தீதி, இஸ் பார் போதல் நஹீ. ஹம் குத் ஜாயேகா" என்றார். இந்த முறை பாட்டில் கிடையாது, நானே போவேன் என்கிறார். கப்பல் இன்னும் கிடைத்தபாடில்லை.

கவுண்டரில் இருந்தவர்மேல் குற்றம் சொல்ல நான் வரவில்லை. விதி அப்படித்தான் இருக்கிறது. அதை எழுதியவர்களுக்கு, இருதயத்தை நிறுத்தி வைத்துத் தைக்கிற ஒரு காலம் வரும் என்று தெரிந்திருக்காது.

6. இம்மாதக் கடைசியில் புறப்படும் கப்பலை விட்டால், அடுத்தது போய்ச் சேரும்போது குறித்த நாள் கடந்துவிடும். பிறகு மழைக்காற்று தொடங்கிவிடும். விமானம் எங்களுக்கு எட்டாது. இன்னொரு முறை தள்ளிப்போனால் செல்வி தாங்குவாளா என்று டாக்டருக்கு எழுதிக் கேட்டிருந்தேன். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதியிருந்தார். அதற்கு மட்டும் எழுதவில்லை.

7. அதிகாரிகளுக்கு எழுதும் மனுவில் இதெல்லாம் சேர்க்கக் கூடாது என்று தெரியும், மன்னிக்கவும். என் கணவர் கடிதத்தில் மருந்துகளின் பெயரை எழுதுகிறார். அவளுக்கு யார் சடை பின்னுகிறார்கள் என்று எழுதுவதில்லை. சோற்றில் கருவாட்டை ஒளித்து வைத்துத் தின்னும் பிள்ளை அங்கே எதைத் தின்கிறாள் என்று எழுதுவதில்லை. ஒரே ஒரு கடிதத்தில் இருந்தது: "அம்மா ஏன் வரல, கப்பல் ரிப்பேரா?" என்று கேட்டாளாம். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் இவர் ஆமாம் என்றாராம். "அப்ப நீ போய் சரி பண்ணுப்பா" என்றாளாம், மெக்கானிக் மகள். அதைப் படித்ததிலிருந்து, கப்பல் சங்கு கேட்டால் நான் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய்விடுகிறேன். யாரும் இறங்கி வரப்போவதில்லை என்று தெரிந்தேதான் போகிறேன்.

8. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, இந்த ஆறு பேரையும் மருத்துவ ஒதுக்கீட்டில் சேர்த்து, இம்மாதக் கப்பலிலேயே ஒன்றாக அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறேன். பங்க் இல்லையென்றால் டெக்கில் படுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். ஒருவர் குறைந்தாலும் டாக்டர் கத்தியை எடுக்கமாட்டார்.

9. ஆறு இடம் இல்லை, ஐந்துதான் இருக்கிறது என்று தாங்கள் சொல்ல நேரலாம். அதற்காக ஒன்று தெரிவித்துக்கொள்கிறேன். தாய் என்ற முறையில் தனிச் சலுகையாக எனக்கு அதே கப்பலில் ஓர் இடம் கொடுத்து அனுமதிச் சீட்டும் தந்திருக்கிறார்கள். அந்தச் சீட்டு கைக்கு வந்த நாளிலிருந்து அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் படுக்கிறேன். அவளுக்கு இரண்டு கவுன் தைத்து மடித்து வைத்திருக்கிறேன், வளர்ந்திருப்பாள் என்று கொஞ்சம் நீளமாகவே. நான் போய் நின்றால் அவள் சந்தோஷப்படுவாள். ஆனால் ஆறாவது ஆள் போனால்தான் அவள் பிழைப்பாள். என் இடத்தை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் பெயரை அடித்துவிட்டு ஹரிபதோவின் பெயரை நானே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தும் முடியவில்லை. தாங்கள் அடித்துக்கொள்ளுங்கள், ஐயா.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

செலின் சிலுவைராஜ்

இடம்: போர்ட் பிளேர்
நாள்: 14.3.1974

இணைப்பு: டாக்டரின் கடித நகல், ஆறு பேரின் சம்மதக் கையொப்பம், என் பயண அனுமதிச் சீட்டு.