பால் ஊற்றாத டீ

அம்பத்தூர்,
பிப்ரவரி 1991

அன்புள்ள அம்மாவுக்கு, ஞானகுமாரி வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஒரு டீ கண்காட்சி நடந்தது. எங்கள் டீ வடிகட்டி கம்பெனிக்காரர்களும் அதில் கடை போட்டு, என்னை நிற்க வைத்தார்கள். எதிர்க்கடையில் டீ விற்ற எட்மண்ட் அண்ணன் பால் ஊற்றாமல் ஒரு கப் கொடுத்தார். தேன் நிறத்தில், அவ்வளவு வாசனை.

"எந்த ஊரு டீண்ணே?"

"வால்பாறைம்மா."

"எங்கம்மா அங்கதான் கொழுந்து பறிக்கிறாங்க."

"அப்போ ஊட்ல இத்தத்தான் குடிச்சிகினு இருந்தீங்களா?"

"இல்லண்ணே, எங்களுக்கு டஸ்ட் டீதான் தருவாங்க."

அவர் இன்னொரு கப் ஊற்றினார். அதைக் குடிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூடுதான் அம்மா, வேறொன்றும் இல்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் வீட்டு டஸ்ட் டீ கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்குவதில் அந்த ருசி வரவில்லை.

எட்மண்ட் அண்ணன் கிளம்பும்போது அந்த டீயில் ஒரு பாக்கெட் கொடுத்தார். ஹாஸ்டலில் எல்லோரும் கேட்டும் நான் பிரிக்கவில்லை. ஈஸ்டருக்கு எடுத்து வருகிறேன். நீங்கள் பறித்தது, முதலில் நீங்கள் குடியுங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
குமாரி